ஸ்கேன்ல ஃபேட்டி லிவர் கிரேடு 2, டாக்டர் எதுக்கு எக்கோ எடுக்கச் சொல்றார்?

பனியன்கணக்கு (திருப்பூர்) கேட்டது:

வணக்கங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்கு பார்க்கறேன். வயசு 44. குடி, சிகரெட் எதுவும் கிடையாதுங்க. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா ரிப்போர்ட் வந்த நாள்ல இருந்து பார்க்கறவங்க எல்லாம் கேட்கற முதல் கேள்வி அதுதான். எங்கம்மா ராத்திரி தனியா கூப்பிட்டு, "கண்ணு, எனக்குத் தெரியாம எங்கியாச்சும் பழகிட்டியா?"ன்னு கேட்டாங்க. ஈரல் கெட்டுப் போச்சுன்னா குடிகாரன்தான்னு அவங்க நினைப்பு. அவங்களைச் சொல்லி குத்தமில்லை.

விஷயம் இதுங்க. ரெண்டு மாசம் முன்னாடி கம்பெனியில எல்லாத்துக்கும் மாஸ்டர் செக்கப் ஏற்பாடு பண்ணுனாங்க. வயித்து ஸ்கேன்ல "ஃபேட்டி லிவர் கிரேடு 2"ன்னு வந்துச்சு. ரிப்போர்ட் வாங்கற இடத்துல விவரம் கேட்டதுக்கு, "இப்ப எல்லாத்துக்கும் இருக்குதுங்க, எண்ணெயைக் கொறைங்க போதும்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. நானும் ஃபைலை பீரோவுல வெச்சுட்டு ஷிப்மெண்ட் வேலையில மறந்தே போயிட்டேன்.

போன வாரம் இருமலுக்காக எங்க தெருவுல இருக்கற டாக்டர்கிட்ட போனேன். பிபி 146/92 இருந்துச்சு. பழைய ரிப்போர்ட் ஏதாச்சும் இருக்கான்னு கேட்டார், பையனை அனுப்பி எடுத்துட்டு வரச் சொன்னேன். சுகர், கொலஸ்ட்ரால் பக்கத்தைப் பார்த்தார். ஸ்கேன் பக்கத்தை ரெண்டு தடவை படிச்சார். உடனே அங்கேயே ஈசிஜி எடுத்தார். எக்கோவும் (இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன்) டிஎம்டியும் (ஓடற மெஷின்ல நடக்க விட்டு எடுக்கற ஈசிஜி) எடுத்துட்டு வரச் சொல்லிச் சீட்டு எழுதினார். பிபிக்கு ஒரு மாத்திரை, அதோட கொலஸ்ட்ராலுக்கு ரோசுவாஸ்டாட்டின் 10, ராத்திரி ஒண்ணு. "கல்லீரல்ல கொழுப்புன்னு பார்த்தா எனக்கு முதல்ல உங்க ஹார்ட்டைப் பத்தித்தான் கவலை"ன்னார். வெளிய இருபது பேர் உட்கார்ந்திருந்தாங்க. அதுக்கு மேல கேட்க முடியல.

அந்த ஒரு வார்த்தைதான் ஒரு வாரமா தூங்க விடலைங்க. எங்கப்பா 2004ல, 52 வயசுல, தறிக்குப் பக்கத்துல நின்னுட்டு இருக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சுட்டு உட்கார்ந்தவர். பல்லடத்துல இருந்து கோயம்புத்தூர் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. எனக்கு அப்ப படிப்பு முடிஞ்சு வேலைக்குச் சேர்ந்த புதுசு.

கல்லீரல் இருக்கறது வலப்பக்கம், வயித்துக்கு மேல. இதயத்துக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்? அந்த ராத்திரி மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. ஏற்கெனவே கெட்டுப்போன கல்லீரலுக்கு அதைப் போடலாமா? இன்னும் மாத்திரை வாங்கலை, எக்கோவும் எடுக்கலை.

என் பொழப்பையும் சொல்லிடறேன். காலையில எட்டரைக்கு உட்கார்ந்தா ராத்திரி ஒம்பதரை, ஷிப்மெண்ட் சமயத்துல பதினொண்ணு. ஒரு நாளைக்கு ஏழு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சக்கரை. சாயங்காலம் வர்க்கியோ தேங்கா பன்னோ. லேட்டாச்சுன்னா பரோட்டா. எடை 78, உயரம் 166 சென்டிமீட்டர். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேலூர்வாசி எழுதியது:

பயப்படாதீங்க சார். எங்கப்பாவுக்கும் இதே கிரேடு 2. தினமும் காலையில வெறும் வயித்துல கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து குடிக்கிறார், கூடவே சீந்தில் பொடி. நல்லாத்தான் இருக்கார். கொலஸ்ட்ரால் மாத்திரை மட்டும் போட்டுடாதீங்க. அது ஈரலைத் தாக்கும்னு அந்த மாத்திரைச் சீட்டுலேயே போட்டிருக்கு, நானே படிச்சேன்.

வார்டு_அக்கா (மதுரை) எழுதியது:

திருப்பூர் தம்பி, நான் மதுரையில இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுல 27 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து 2022ல ஓய்வு வாங்கினவ. டாக்டர் இல்லை. உங்க டாக்டர் சொன்னதை மாத்திச் சொல்லவும் வரலை. அவர் இருபது பேருக்கு நடுவுல சொல்ல நேரமில்லாம விட்டதைச் சொல்லத்தான் வந்தேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. மாடி ஏறும்போதோ வேகமா நடக்கும்போதோ நெஞ்சுல இறுக்கம், பாரம் வெச்ச மாதிரி, இடது தோள் இல்லேன்னா தாடை வரைக்கும் இழுக்குற மாதிரி வருதா? நின்னா அடங்குதா? அப்படி இருந்தா இந்தப் பதிலைப் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க, இன்னைக்கே போங்க. உட்கார்ந்திருக்கும்போதே அந்த மாதிரி வந்து, வேர்த்துக் கொட்டினா 108. பைக்கை எடுத்துக்கிட்டு நீங்களே ஓட்டிப் போறது கூடாது.

அப்படி ஒண்ணும் இல்லைன்னா, உட்கார்ந்து பொறுமையாப் படிங்க.

எங்க வீட்டுக்காரருக்கு 2014ல சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தோம். கல்லு 6 மில்லிமீட்டர்னு முதல் வரியில இருந்தது. அஞ்சாவது வரியில "கல்லீரலில் லேசான கொழுப்பு, கிரேடு 1". கல்லைப் பத்தி மூணு டாக்டர்கிட்ட பேசினோம். அஞ்சாவது வரியைப் பத்தி யார்கிட்டயும் பேசலை. நான் தினமும் இருதய வார்டுல நிக்கிறவ, நானே பேசலை. 2019 தை மாசம், பொங்கல் கழிஞ்ச மூணாம் நாள், விடியக்காலை நாலு மணிக்கு என் கையாலேயே ஆஸ்பிரின் கொடுத்துக் கூட்டிக்கிட்டு ஓடினேன். இடப்பக்கத்து பெரிய ரத்தக்குழாய்ல 95 சதவீதம் அடைப்பு, ஸ்டென்ட் வெச்சாங்க. இப்ப நல்லா இருக்கார். ஆனா அந்த அஞ்சு வருஷம் எங்க கையில சும்மா இருந்துச்சு, தம்பி. பிபி, டிரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு எல்லாத்தையும் அந்த அஞ்சு வருஷத்துல சரி பண்ணியிருக்கலாம். அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு நீளமா எழுதுறேன். ஸ்கேன்ல அந்த வரியைப் பார்த்த உடனே ஈசிஜி எடுத்த உங்க தெரு டாக்டர் கெட்டிக்காரர்.

இப்ப சம்பந்தம் என்னன்னு கேட்டீங்களே. கல்லீரல் கொழுப்பு உள்ளவங்க எதனால இறக்குறாங்கன்னு பல நாடுகள்ல கணக்கெடுத்தாங்க. முதல் காரணம் ஈரல் சுருங்கிப் போறது இல்லை. மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி இதயம், ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட நோய்தான். அமெரிக்க இதயச் சங்கம் 2022ல இதைப் பத்தித் தனியா ஒரு அறிக்கையே வெளியிட்டுச்சு. நம்ம நாட்டுலயும் 2021ல மத்திய அரசு சர்க்கரை, இதய நோய், பக்கவாதம் இதுக்கெல்லாம் வெச்சிருக்குற தேசியத் திட்டத்துக்குள்ள கல்லீரல் கொழுப்பையும் சேர்த்துச்சு. எல்லாம் ஒரே கொத்துன்னு புரிஞ்சதாலதான்.

அது எப்படி ஒரே கொத்து? நம்ம உடம்புல இன்சுலின் சொல்றதை உறுப்புகள் சரியாக் கேட்காத நிலை ஒண்ணு இருக்கு. சர்க்கரை நோய்க்கு முந்தின படி. அந்த நிலையில தொப்பையில இருக்குற கொழுப்பு அடங்கி இருக்காது, கரைஞ்சு ரத்தத்துல கலந்து கல்லீரலுக்கு வந்துக்கிட்டே இருக்கும். 2005ல அமெரிக்காவுல, கல்லீரல் கொழுப்பு இருக்கிறவங்க கிட்ட அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு அடையாளம் போட்டுப் பார்த்தாங்க. சுமார் 60 சதவீதம் உடம்புல ஏற்கெனவே சேர்ந்த கொழுப்புல இருந்து. கால் பங்குக்குக் கொஞ்சம் கூட, சர்க்கரை, மாவுச்சத்துல இருந்து கல்லீரலே தயார் பண்ணினது. நேராச் சாப்பாட்டுல வந்த எண்ணெய், நெய் 15 சதவீதம்தான். உங்ககிட்ட "எண்ணெயைக் கொறைங்க போதும்"னு சொன்னாங்களே, அந்தப் பேச்சு எவ்வளவு அரைகுறைன்னு பாருங்க. உங்க ஏழு டீயில பதினாலு ஸ்பூன் சர்க்கரை, கிட்டத்தட்ட 70 கிராம். அதுல பாதி ஃப்ரக்டோஸ். அதுல பெரும்பங்கு நேராப் போய் இறங்குற இடம் கல்லீரல்.

வந்து குவியுற கொழுப்பைக் கல்லீரல் அப்படியே வெச்சுக்காது. சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி ரத்தத்துல ஏத்தி அனுப்பும். அதுதான் டிரைகிளிசரைடு ஏறுறதுக்குக் காரணம். அது ஏற ஏற நல்ல கொழுப்பு எச்டிஎல் இறங்கும். கெட்ட கொழுப்பு எல்டிஎல் எண்ணிக்கை பார்க்கச் சாதாரணமா இருந்தாலும் அதோட துகள்கள் சின்னதா, கெட்டியா மாறிடும். பெரிய துகளைவிட இது ரத்தக்குழாய் சுவருக்குள்ள சுலபமா நுழையும். இன்னொரு பக்கம் அதே கல்லீரல் ராத்திரி முழுக்க சர்க்கரையைத் தயாரிச்சு விட்டுக்கிட்டே இருக்கும், காலையில வெறும் வயித்துச் சர்க்கரை ஏறும். வீக்கத்தைத் தூண்டுற பொருட்கள், ரத்தத்தை உறைய வைக்கிற பொருட்கள் பலதும் கல்லீரல்ல உருவாகுறதுதான். கொழுப்பு சேர்ந்த கல்லீரல் இதையெல்லாம் அதிகமாச் சுரக்கும். குழாய்ல படிவு, அதைச் சுத்தி வீக்கம், மேலே உறையத் தயாரா இருக்குற ரத்தம். மாரடைப்புக்கு வேண்டியது எல்லாம் இதுல வந்துருச்சு.

இதுபோக இதயத்தைச் சுத்தியும் கொழுப்பு படியும், தசை விறைக்கும். எக்கோவுல உங்க டாக்டர் அதையும்தான் பார்க்கச் சொல்லியிருப்பார். இதயத் துடிப்பு தாறுமாறாகுறதுக்கும் இவங்களுக்கு வாய்ப்பு கூட.

கல்லீரல் கொழுப்புதான் இதயத்தைக் கெடுக்குதா, இல்லை ரெண்டையும் ஒரே வேர் கெடுக்குதான்னு நிபுணர்களுக்குள்ள இன்னும் வாதம் நடக்குது. என்னைக் கேட்டா, வார்டுல நிக்கிறவளுக்கு அந்த வாதம் முக்கியமில்லை. ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணைத் தேடணும்.

மாத்திரை விஷயம். வேலூர் தம்பி அக்கறையாச் சொல்றார், ஆனா அது சரியில்லை. ஸ்டாட்டின் மாத்திரையால சிலருக்குக் கல்லீரல் நொதி கொஞ்சம் ஏறலாம், அதைத்தான் சீட்டுல போட்டிருக்கான். கல்லீரல் கொழுப்பு இருக்கிறவங்களுக்கு ஸ்டாட்டின் பாதுகாப்பானதுன்னு நல்லா நிரூபணமாகியிருக்கு. இவங்களுக்குத்தான் அது அதிகம் தேவையும்கூட. அந்த நொதியில ஒண்ணான எஸ்ஜிபிடி சாதாரண அளவுல மூணு மடங்குக்கு மேல போனா டாக்டர் யோசிப்பார். ஈரல் சுருங்கி வயித்துல நீர் கோத்த நோயாளிக்குக் கணக்கு வேற. உங்களுக்கு அது இல்லை. மாத்திரை போட்டு உடம்பெல்லாம் தசை வலி வந்தா சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

கீழாநெல்லியை நான் பழிக்கலை. மஞ்சள் காமாலைன்னா எங்க ஆச்சியும் அதைத்தான் தேடிப் போவாங்க. ஆனா உங்க பிபியையும் அப்பாவோட 52 வயசையும் அது பார்த்துக்காது. சீந்தில் பொடிக்குக் கட்டாயம் ஒரு எச்சரிக்கை உண்டு. கொரோனா சமயத்துல எதிர்ப்புச் சக்திக்குன்னு சீந்தில் சாப்பிட்டு கல்லீரல் பாதிச்சவங்களைப் பத்தி மும்பை மருத்துவர்கள் 2021ல எழுதினாங்க. வேலூர் தம்பி, அப்பாவுக்கு அந்தப் பொடியை நிறுத்திட்டு ஒரு தடவை கல்லீரல் ரத்தப் பரிசோதனை பார்த்துடுங்க.

திருப்பூர் தம்பி, கைவசம் இருக்குற ரத்த ரிப்போர்ட்டுல கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட், டிரைகிளிசரைடு, எச்டிஎல், எல்டிஎல், எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரிச் சர்க்கரை) இவ்வளவும் எழுதுங்க. இடுப்பைத் தொப்புள் மட்டத்துல டேப் வெச்சு அளந்து அதையும் எழுதுங்க. பேன்ட் சைஸ் வேண்டாம், அது தொப்பைக்குக் கீழ இருக்கும்.

பனியன்கணக்கு எழுதியது:

அக்கா, மூணு தடவை படிச்சேன். எங்க வீட்டுல அவங்களும் படிச்சாங்க. அம்மாவுக்கு அவங்கதான் படிச்சுக் காட்டி, சக்கரைதான் காரணம், சாராயம் இல்லைன்னு புரிய வெச்சாங்க. அந்த ஒரு நிம்மதிக்கே உங்களுக்கு நன்றி சொல்லணும்.

நெஞ்சு இறுக்கம் எதுவும் இல்லைங்க. ஃபினிஷிங் செக்‌ஷன் ரெண்டாவது மாடியில இருக்குது, ஏறுனா மூச்சு வாங்குது, அவ்வளவுதான். எடை ஏறுனதாலன்னு நினைச்சுட்டு இருந்தேன். குறட்டை பலமா விடறேன்னு அவங்க சொல்றாங்க.

எஸ்ஜிஓடி 41, எஸ்ஜிபிடி 62, பிளேட்லெட் 2 லட்சத்து 38 ஆயிரம். டிரைகிளிசரைடு 268, எச்டிஎல் 33, எல்டிஎல் 128. வெறும் வயித்துச் சக்கரை 116, எச்பிஏ1சி 6.3. இடுப்பு 101 சென்டிமீட்டர். அளக்கறப்ப மூச்சை இழுத்துப் பிடிச்சேன், அவங்க விடலை.

இன்னைக்குச் சாயங்காலம் மாத்திரை வாங்கிட்டேன். நாளன்னைக்கு எக்கோவும் டிஎம்டியும்.

வார்டு_அக்கா எழுதியது:

நல்லது தம்பி. நீங்க கணக்குக்காரர், அதனால ஒரு கணக்குச் சொல்லித் தர்றேன். ஸ்கேன்ல வர்ற கிரேடு கொழுப்பு எவ்வளவு வெள்ளையாத் தெரியுதுங்கிறதை மட்டும்தான் சொல்லும். கல்லீரல்ல தழும்பு விழுந்திருக்கான்னு சொல்லாது. ஆனா தழும்புதான் கல்லீரலுக்கும் ஆபத்து, இதயத்துக்கும் ஆபத்து. தழும்பு கூடக் கூட இதய நோய் வாய்ப்பும் கூடுது. அதைக் குத்துமதிப்பா அறிய ஃபிப்-4ன்னு ஒரு கணக்கு இருக்கு, தனியாச் செலவே இல்லை.

வயசை எஸ்ஜிஓடியால பெருக்குங்க: 44 பெருக்கல் 41, 1804. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்குல எடுங்க, 238. எஸ்ஜிபிடியோட வர்க்கமூலம், 62க்கு 7.87. ரெண்டையும் பெருக்கினா சுமார் 1874. 1804ஐ 1874ஆல வகுத்தா 0.96. 1.3க்குக் கீழ இருந்தா தழும்பு பெரிசா இருக்க வாய்ப்பு குறைவு. 2.67ஐத் தாண்டினா கட்டாயம் கல்லீரல் நிபுணர்கிட்ட போகணும். நடுவுல இருந்தா ஃபைப்ராஸ்கேன், அதாவது கல்லீரல் எவ்வளவு விறைச்சிருக்குன்னு அளக்குற ஸ்கேன், எடுத்துப் பார்ப்பாங்க. 65 வயசுக்கு மேல 1.3க்குப் பதிலா 2ன்னு வெச்சுக்கணும். இளவயசுக்காரங்களுக்கு, 35க்குக் கீழ, இந்தக் கணக்கு அவ்வளவு நம்பிக்கையாச் சொல்லாது.

அப்ப உங்க கல்லீரல் இன்னும் பொறுத்துக்கிட்டு இருக்கு. பாக்கி எண்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு பதறுது. டிரைகிளிசரைடு 150க்குள்ள இருக்கணும், 268. எச்டிஎல் ஆம்பிளைக்கு 40க்கு மேல வேணும், 33. எச்பிஏ1சி 6.3ன்னா சர்க்கரை நோய் வாசப்படி, 6.5ல உள்ள போயிடுவீங்க. இடுப்பு நம்ம நாட்டு ஆம்பிளைக்கு 90 சென்டிமீட்டருக்குள்ள, பொம்பளைக்கு 80. வெள்ளைக்காரங்களுக்கு வெச்ச அளவைவிட நமக்குக் குறைவா வெச்சிருக்காங்க, ஏன்னா நமக்குக் கொஞ்சம் தொப்பை விழுந்தாலே உள்ளே இவ்வளவும் ஆரம்பிச்சுடுது. அப்பா 52ல போனதையும் இதோட சேருங்க. அதை எக்கோ எடுக்குற இடத்துலயும் இதய டாக்டர்கிட்டயும் அவங்க கேட்காமலேயே சொல்லணும். 55 வயசுக்குள்ள அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ மாரடைப்புன்னா அதைத் தனியா எழுதி வெச்சுக்குவாங்க. லிப்போபுரோட்டீன் (ஏ)ங்கிற கொழுப்புத் துகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு, அந்தத் துகள் பரம்பரையா வர்றது, வாழ்நாள்ல ஒரு தடவை பார்த்தாப் போதும். உங்களுக்குப் பார்க்கலாமான்னு கேளுங்க. குறட்டையையும் மறக்காமச் சொல்லுங்க. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா பிபி குறையாது.

எடை. 78 கிலோவுல 5 சதவீதம், அதாவது 4 கிலோ இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 சதவீதம், அஞ்சரை கிலோ இறங்கினா உள்ள இருக்குற வீக்கமும் தணியும். 10 சதவீதத்துக்குத் தழும்பே பின்வாங்குறதை கியூபாவுல செஞ்ச ஆய்வுல, ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தே காட்டியிருக்காங்க, 2015ல. பட்டினி கிடந்து ஒரே மாசத்துல இறக்கக் கூடாது. அப்படி வேகமா இறக்கினா பித்தப்பையில கல் வரும், கல்லீரலும் முரண்டு பிடிக்கும்.

டீயை விடச் சொல்ல மாட்டேன், கம்பெனியில அது மட்டும்தான் எழுந்து நடக்குற நேரம்னு எனக்குத் தெரியும். ஏழு டீயை மூணாக்குங்க, அந்த மூணும் சர்க்கரை இல்லாம. முதல் பத்து நாள் குமட்டும். எங்க வீட்டுக்காரர் பதினோராம் நாள்தான் முகம் சுளிக்காமக் குடிச்சார். பால் கலக்காத காபி பழகினா இன்னும் நல்லது, காபி குடிக்கிறவங்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவா இருக்குறதாப் பல ஆய்வுகள் காட்டுது. வர்க்கி, பன் ரெண்டும் மைதா, சர்க்கரை, டால்டா. அதுக்கு ஒரு வழியும் இல்லை, நிறுத்தணும். அந்த நேரத்துக்கு ஒரு கை வறுத்த நிலக்கடலையோ அவிச்ச சுண்டலோ வீட்டுல இருந்து எடுத்துக்கிட்டுப் போங்க. ராத்திரி லேட்டாகும்னு தெரிஞ்சா ஏழரை மணிக்கே கம்பெனியில சாப்பிட்டுடுங்க. பதினொண்ணுக்குப் பரோட்டா சாப்பிட்டுப் படுத்தா அத்தனையும் அப்படியே சேமிப்புக்குப் போயிடும்.

நடை ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்துல அஞ்சு நாள். ஆனா டிஎம்டி முடிவு வர்ற வரைக்கும் ஓட வேண்டாம்.

கும்பகோணம்_ராஜி எழுதியது:

அக்கா, இடையில புகுந்து கேக்கறேன், மன்னிச்சுக்குங்கோ. எங்கம்மாவுக்கு 66 வயசு, 49 கிலோதான், சுத்த சைவம். அவாளுக்கும் ஃபேட்டி லிவர்னு வந்திருக்கு, எங்க யாராலயும் நம்ப முடியலை. சுகர் பத்து வருஷமா உண்டு. கோயில்ல நாலு படி ஏறினா மூச்சு வாங்கறது, சாயங்காலம் கால் வீங்கறது. எக்கோ எடுத்தோம். பம்ப் பண்றது 62 சதவீதம், நார்மல்னு இருக்கு. ஆனா டாக்டர் "இதயம் விறைச்சிருக்கு"ன்னு சொல்லி மாத்திரை கொடுத்திருக்கார். நார்மல்னும் சொல்றா, வியாதின்னும் சொல்றா, எதை எடுத்துக்கறது? அப்புறம், ஃபேட்டி லிவருக்கு ஊசி வந்திருக்காமே?

வார்டு_அக்கா எழுதியது:

ராஜிம்மா, ரெண்டும் உண்மை. 62ங்கிறது இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளுற கணக்கு, அது அம்மாவுக்கு நல்லா இருக்கு. ஆனா தள்ளின பிறகு இதயம் தளர்ந்து விரிஞ்சாத்தானே அடுத்த ரத்தம் உள்ளே வரும். விறைச்ச இதயம் சரியா விரியாது, வர வேண்டிய ரத்தம் பின்னாடி நுரையீரல்ல தேங்கும். அதுதான் படி ஏறும்போது மூச்சு. வயசான பெண்கள், சர்க்கரை, பிபி, கல்லீரல் கொழுப்பு இருக்கிறவங்ககிட்ட இதைத்தான் அதிகமாப் பார்த்தேன். "எக்கோ நார்மல்தானே, வயசாச்சுல்ல"ன்னு வீட்டுல விட்டுடுவாங்க. நீங்க விடாம டாக்டர்கிட்ட கூட்டிப் போனது பெரிய விஷயம். தினமும் காலையில ஒரே நேரத்துல அம்மாவுக்கு எடை பாருங்க. ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்லை, நீர். உடனே டாக்டருக்குச் சொல்லணும். உப்பு, ஊறுகாய், வடாம், அப்பளம் எல்லாம் குறைங்க.

ஒல்லியா இருந்தா கல்லீரல் கொழுப்பு வராதுங்கிறது தப்பு. மேற்கு வங்கத்துக் கிராமங்கள்ல பார்த்து 2010ல எழுதினாங்க. நூத்துக்குச் சுமார் ஒன்பது பேருக்குக் கொழுப்பு இருந்தது, அவங்கள்ல பெரும்பாலானவங்க குண்டானவங்களே இல்லை. சைவம்னாலும் மூணு வேளையும் அரிசி, இடையில ஸ்வீட்டுன்னா கல்லீரலுக்கு அது ஒண்ணுதான். 49 கிலோ அம்மாவைப் பட்டினி போட்டுடாதீங்க. சாதத்தைக் குறைச்சு, பருப்பு, பயறு, தயிர், பனீர் கூட்டுங்க. தசை கரையக் கூடாது.

மருந்துன்னா, 2024 மார்ச்சுல ரெஸ்மெடிரோம்ங்கிற மாத்திரைக்கும், 2025 ஆகஸ்ட்டுல செமாகுளுடைடு ஊசிக்கும் அமெரிக்காவுல அனுமதி கொடுத்தாங்க. ரெண்டுமே தழும்பு ஓரளவு விழுந்த, ஆனா ஈரல் இன்னும் சுருங்காத நோயாளிகளுக்கு. அந்த ஊசி எடையையும் இறக்கும். 49 கிலோ அம்மாவுக்கு நீங்களா யோசிக்க வேண்டிய விஷயம் இல்லை அது. அம்மாவோட ஃபிப்-4 கணக்கைப் போட்டுக்கிட்டு டாக்டரைப் பாருங்க. 2023ல இந்த நோய்க்குப் பேரையே மாத்திட்டாங்க. வளர்சிதை மாற்றக் கோளாறோட சேர்ந்த கல்லீரல் கொழுப்புங்கிற அர்த்தத்துல மாஸ்ல்டுன்னு சில ரிப்போர்ட்டுல வருது. புது வியாதின்னு பயந்துடாதீங்க.

பனியன்கணக்கு எழுதியது:

அக்கா, நாலு மாசம் ஆச்சு. சொல்லாம இருக்க மனசு வரலை.

டிஎம்டி நல்லபடியா வந்துச்சு. எக்கோவுல பம்ப் பண்றது 64 சதவீதம், ஆனா "டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் கிரேடு 1". நீங்க ராஜி அம்மாவுக்கு எழுதினதைப் படிச்சிருந்ததால, இதயம் லேசா விறைச்சு சரியா விரியலைன்னு புரிஞ்சுது. 44 வயசுல அந்த வரி வந்தது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இதய டாக்டர், பிபியும் எடையும் கட்டுக்குள்ள வந்தா இது சரியாக வாய்ப்பிருக்குன்னு சொன்னார்.

எடை 72.6. டீ மூணு, சக்கரை இல்லை. குமட்டல் எனக்கு ரெண்டு வாரம் இருந்துச்சு. ஏழரைக்கு டிபன் பாக்ஸ்ல அரிசிம்பருப்பு சாதம் கொஞ்சம், பொரியல் நிறைய, முட்டை ரெண்டு. நான் சாப்பிடறதைப் பார்த்து கட்டிங் மாஸ்டரும் மெர்ச்சண்டைசர் பசங்க ரெண்டு பேரும் இப்ப கூட உட்கார்றாங்க. டிரைகிளிசரைடு 164. எஸ்ஜிபிடி 39, மாத்திரை ஆரம்பிச்சு நாலு மாசம் கழிச்சும் ஏறலை, இறங்கித்தான் இருக்குதுங்க. பிபி 128/82. ரெண்டாவது மாடிக்கு நிக்காம ஏறறேன்.

இன்னொரு விஷயம். என் தம்பிக்கு 39 வயசு, அவிநாசியில விசைத்தறி வெச்சிருக்கான். அதே அப்பாவுக்குப் பொறந்தவன்தானேன்னு மூணு மாசமாக் கெஞ்சி, போன ஞாயித்துக்கிழமை ரத்தம் குடுக்கக் கூட்டிட்டுப் போனேன். ஸ்கேன்ல கிரேடு 1. எஸ்ஜிஓடி 36, எஸ்ஜிபிடி 58, பிளேட்லெட் 2 லட்சத்து 60 ஆயிரம். நானே போட்டேன்: 39 பெருக்கல் 36, 1404. 58க்கு வர்க்கமூலம் 7.62, அதை 260ஆல பெருக்கினா 1981. வகுத்தா 0.71. கணக்கு சரிதானுங்களா அக்கா?

வார்டு_அக்கா எழுதியது:

கணக்கு சரி தம்பி. எஸ்ஜிபிடி 39ஐப் பார்த்துட்டு வீட்டுக்காரர்கிட்ட உங்க கதையைச் சொன்னேன், அவருக்கும் சந்தோஷம்.

தம்பியோட பிபி எவ்வளவு? அதை எழுதவே இல்லையே.